அந்தோனியாரின் பிள்ளை

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்குப் போன வள்ளம் வர வேண்டிய நேரத்துக்கு வராவிட்டால், போனவனின் மனைவியோ தாயோ கோயிலுக்குப் போய், அந்தோனியாரின் கையில் இருக்கும் பாலனைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். பாலன் என்றால் குழந்தை யேசு. மரத்தில் செய்தவர், ஒரு முழ உயரம். அவருடைய அடியில் ஒரு முளை. அந்தோனியாரின் இடக்கையில் அதற்கென்று ஒரு துளை. "என்ட ஆளைத் தந்திட்டு உம்மட பிள்ளைய எடும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சொல்லாமல் எடுத்தால் அது களவு. வள்ளம் வந்து சேர்ந்ததும் பாலனைக் குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, மெழுகுதிரியோடு கொண்டுபோய் வைத்துவிட்டு, கோயில் வாசலில் எல்லோருக்கும் பயற்றங்கஞ்சி கொடுப்பார்கள். வந்த ஃபாதர்மார் எல்லோரும் இதைப் பிரசங்கத்தில் கண்டித்தார்கள். ஆனால் அந்தோனியாரின் கை வெறுமையாக இருக்கும் நாட்களில் அந்தப் பக்கம் திரும்பாமலே பூசையை முடித்துவிட்டுப் போனார்கள். அவர்களும் எங்கள் மீனைச் சாப்பிட்டவர்கள்தானே.

என் அக்கா பாலனை எடுத்தது யுத்தம் முடிந்த பிறகு. அவளுடைய புருசன் நெஞ்சு நோவில் எப்போதோ போய்விட்டார். ஒரே மகன். எனக்குப் பெறாமகன். சண்டை முடிந்தது, இனிப் பயமில்லாமல் தொழில் செய்யலாம் என்று நாங்கள் மூச்சு விட்ட அதே காலத்தில்தான், எங்கள் கரைப் பொடியன்கள் ஒஸ்ரேலியா, ஒஸ்ரேலியா என்று அலையத் தொடங்கினார்கள். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் அதே கதைதான். பல நாள் மீன்பிடிக்குப் போகிற போட்டில் ஆட்களை அடைத்துக்கொண்டு போனார்கள். சிலர் போய்ச் சேர்ந்து படம் அனுப்பினார்கள். சிலரை நேவி பிடித்துத் திருப்பி அனுப்பியது. என் பெறாமகன் ஏறிய போட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல் வரவில்லை. ஏதோ ஒரு தீவில் மறியலில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றார்கள். இந்தோனேசியாவில் கண்டதாக ஒருவன் சொன்னான். பிறகு, தான் சொன்னது வேறு போட் என்றான். குரலும் இல்லை, உடலும் இல்லை. அக்கா கோயிலுக்குப் போனாள். பாலனை எடுத்து வந்தாள்.

அதன் பிறகு வருடங்கள் போய்விட்டன.

நான் முந்தலில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பேர். அந்தப் பேர் பொய் இல்லை. சனிக்கிழமைகளில் அக்காவைப் பார்க்கப் போவேன். பாலன் மகனுடைய கட்டிலில், நுளம்பு வலைக்குள், துவாயால் போர்த்திக் கிடப்பார். அந்த நாளில்தான் குளிப்பாட்டித் தேங்காயெண்ணெய் தடவுவாள். ஒரு நாள் தாங்காமல், "அக்கா, கொண்டு போய் வச்சிட்டு வா. இப்பிடி வச்சிருந்தா விசர் பிடிச்சிடும்" என்றேன். அவள் எனக்கு ஊற்றிய தேத்தண்ணியை எடுத்து முற்றத்தில் ஊற்றினாள். நத்தார் பண்டிகை வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை.

இதற்கிடையில் கோயிலைப் புதிதாகக் கட்டினார்கள். நீர்கொழும்புப் பக்கமிருந்து பளபளவென்று ஒரு புது அந்தோனியார் வந்தார். ஃபைபரில் வார்த்தவர். அவரும் பாலனும் ஒரே வார்ப்பு. கரைப் பெண்கள் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இவர்ட பிள்ளைய ஆராலயும் எடுக்க ஏலாது" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். பழையவரைக் கொஞ்ச நாள் பின்னறையில் வைத்திருந்தார்கள். பிறகு பட்டினத்து நூதனசாலையிலிருந்து பழைய சாமான் தேடிக்கொண்டு ஆட்கள் வந்தபோது, கோயில் கொமிட்டி அவரைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. அவருடைய பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது என்பது கரை முழுக்கத் தெரியும். ஆனால் அதை அக்காவிடம் போய்க் கேட்க யாருக்கு வாய் வரும்?

நூதனசாலைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் அக்காவிடம், அந்தோனியார் அங்கே ஒரு இருட்டறையில் சுவரைப் பார்த்தபடி நிற்கிறார் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"தங்கச்சி, அவர் கடல் தெரியாத இடத்தில நிக்கிறாராம். அதான் ஒரு மறுமொழியும் இல்ல. நான் போய் அவரக் காண வேணும். எனக்குச் சிங்களம் வராது, நீ வா."

நான் உடனே ஓம், வருகிறேன் என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அவரை நூதனசாலையில், பழைய சாடிகளுக்கும் காசுகளுக்கும் நடுவில் பார்த்தால், இது முடிந்துபோன விசயம் என்று அவளுக்கே விளங்கிவிடும் என்று நினைத்தேன்.

முதல் நாளே போய் அவளோடு தங்கி, காலையில் கற்பிட்டியிலிருந்து பட்டினத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறினோம். சனம் நெரிந்தது. அக்கா மடியில் ஒரு சீலைப் பையை வைத்துக்கொண்டு இருந்தாள். வளைவு ஒன்றில் பஸ் சரிந்தபோது அந்தப் பைக்குள்ளிருந்து ஏதோ கட்டையாக என் முழங்கையில் இடித்தது.

"என்ன இது?"

"அவர்ட பிள்ள."

"பாலனையா கொண்டு வாறாய்?"

"மெல்லக் கதை. காட்ட வேணும். பிள்ள என்னட்டத்தான் இருக்கெண்டு அவருக்கு ஞாபகப்படுத்த வேணும். அவர் மறந்திட்டார்."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். கனம் அவள் மடியில், பயம் எனக்கு. பழைய சிலைகளைக் கடத்தி விற்கிறவர்களைப் பிடித்த செய்தி அந்த நாட்களில் பேப்பரில் அடிக்கடி வரும். கோயிலுக்குச் சொந்தமான, இப்போது அரசாங்கத்துக்குச் சொந்தமோ என்னவோ தெரியாத ஒரு பாலனை, நாங்கள் இரண்டு பெண்கள் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே நூதனசாலைக்குள்ளேயே போகிறோம். திரும்பிப் போவோம் என்று கெஞ்சினேன். பாலாவிச் சந்தியில் இறங்கிவிடுவோம் என்று கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அவள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

நூதனசாலை பழைய வெள்ளைக்காரக் கட்டடம். முன்பு ஏதோ அரசாங்கக் கந்தோராக இருந்ததாம். தடித்த சுவர், உயர்ந்த கதவு. வாசலில் மேசை போட்டு, நீலச் சீருடையும் தலையில் கறுப்புத் துணியுமாக ஒரு முஸ்லிம் பெண் காவலுக்கு இருந்தாள். எங்கள் வயதிருக்கும்.

"பேக்க இங்க வெச்சிட்டுப் போங்க. உள்ளுக்குக் கொண்டு போக ஏலா" என்றாள்.

நான் என் கைப்பையை உடனே கொடுத்தேன். அக்கா அசையவில்லை. நான் அவளுடைய கண்ணைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் காத்து நின்றது. அக்கா மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக் குனிந்து, பைக்குள் இரண்டு கையையும் விட்டு, துவாயால் சுற்றிய பாலனை அப்படியே தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். வெறும் பையை மேசையில் வைத்தாள். துவாய்க்கு வெளியில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கையால் கீழே தாங்கி, மறு கையால் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

காவல்காரி எட்டிப் பார்த்தாள்.

"பேரப்புள்ளையா? தூங்குதா?"

அக்கா தலையாட்டினாள்.

"உள்ளுக்கு ஃபேன் ஈக்கி. முகத்துல காத்துப் படாமப் பாத்துக்கங்க."

முதல் அறையில் ஒல்லாந்தர் காலத்துச் சாடிகள், ஒரு பீரங்கிக் குண்டு, உப்பு வாரும் பலகை, களப்பில் பிடித்த கடற்பசுவின் மண்டையோடு. இரண்டாவது அறை சித்திரக்கூடம். எங்கள் மாவட்டத்து ஓவியர்கள் கீறிய படங்களாம். எங்கு பார்த்தாலும் அந்திச் சூரியன். ஒரு படத்தில் கரைவலை இழுக்கிற ஆட்கள் அத்தனை பேருக்கும் பயில்வான் முதுகு. அதைக் கீறினவர் கரைவலை இழுக்கிறவனின் முதுகை ஒரு நாளாவது பார்த்திருக்க மாட்டார். வேறொரு நாளென்றால் நின்று சத்தமாகச் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்றைக்கு என் காதெல்லாம் பின்னால் இருந்தது. யாராவது நடந்துவந்தால் நான் அக்காவுக்கு முன்னால் போய் நின்றேன். அவளோ ஒரு படத்தையும் பார்க்கவில்லை. தோளில் கிடந்ததைத் தட்டிக்கொண்டே நடந்தாள். வாசலில் நடிப்புக்குத் தட்டத் தொடங்கியவள், இப்போது யாரும் இல்லாத இடத்திலும் தட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசி அறை சின்னது. எல்லாச் சமயத்துப் பொருட்களும் அங்கே இருந்தன. ஒரு குர்ஆன் பலகை, உடைந்த புத்தர் தலை, ஐயனார் கோயில் மணி. மூலையில் ஒரு சிவப்புக் கயிறு கட்டி, அதற்கு அந்தப் பக்கம், எங்கள் அந்தோனியார்.

நான் சின்ன வயதிலிருந்து பார்த்த முகம். மெழுகுதிரிப் புகையில் கறுத்துப்போனவரை இங்கே யாரோ துடைத்து நல்ல நிறமாக்கியிருந்தார்கள். வலக்கையில் லில்லி மலர். இடக்கை மடித்து நீட்டியபடி, வெறுமையாக. காலடியில் மூன்று மொழியிலும் எழுதிய ஒரு பலகை.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் அக்கா.

"மரச்சிலை. கரையோரக் கோயில் ஒன்றிலிருந்து வந்தது. கையிலிருந்த குழந்தை காணாமப் போயிட்டுதாம்."

"காணாமப் போகல்ல. என்னட்டத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு அவள் துவாயை விலக்கினாள். பாலனின் சுருட்டை முடி எண்ணெயில் மினுங்கியது. கயிற்றுக்கு மேலால் இரண்டு கையிலும் ஏந்தி, அந்தோனியாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்தா பாரும். உம்மட பிள்ள. நல்லா இருக்கிறார். ஒரு பூச்சி அரிக்க விடல்ல. குளிப்பாட்டி, எண்ண தடவி, கட்டில்ல படுக்க வச்சிருக்கிறன். என்ட பிள்ளைய நீர் எப்பிடி வச்சிருக்கிறீர்?"

அந்தக் கேள்வியை அவள் சத்தமாகக் கேட்கவில்லை. கடையில் நின்று விலை விசாரிக்கிற குரலில்தான் கேட்டாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பியபோது அறை வாசலில் காவல்காரி நின்றாள்.

"அல்லாவே!" என்றாள். அக்காவின் கையிலிருந்த மரப் பாலனையும் கயிற்றையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தாள். "புள்ளையெண்டு நம்பித்தானே விட்டன்! சிலையக் கழட்டுறீங்களா? வெய்ங்க அத! வெய்ங்க!"

அக்கா பாலனைப் பழையபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அது இன்னும் களவு மாதிரித் தெரிந்தது. நான் குறுக்கே நின்று, இது எங்களுடையது, நாங்கள் கொண்டுவந்தது என்று கத்தினேன். அவளும் கத்தினாள். சத்தத்துக்கு உள்ளேயிருந்து அதிகாரி வந்தாள். சின்ன வயதுச் சிங்களப் பெண். பருத்திச் சீலை, கழுத்தில் அட்டை. ஒரு பார்வையில் அவளுக்கும் அதே எண்ணம்தான் வந்திருக்க வேண்டும். முகம் வெளிறிவிட்டது. "பொலிசுக்குச் சொல்லுங்கள்" என்று காவல்காரியிடம் சிங்களத்தில் சொன்னாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். நான் அந்தப் பலகையைக் கையால் அடித்துக் காட்டினேன். "வாசித்துப் பாருங்கள் மிஸ். குழந்தை இல்லை என்று நீங்கள்தானே எழுதி வைத்திருக்கிறீர்கள். இல்லாத குழந்தையை எப்படிக் களவெடுப்பது?"

அவள் பலகையைப் பார்த்தாள். பாலனைப் பார்த்தாள். அந்தோனியாரின் கையிலிருந்த துளையைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் வந்த சந்தோசம் இருக்கிறதே, அது எனக்குப் பொலிஸை விடப் பயமாக இருந்தது.

"இதுதானா அது? இவ்வளவு நாளும் எங்கே இருந்தது?"

நான் சொன்னேன். வழக்கத்தை, போட்டை, வருடங்களை. சிங்களத்தில் சொல்லும்போது எல்லாம் சின்னதாகிப் போனது. அவள் பொறுமையாகக் கேட்டாள். கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. ஆனால் கண்ணை அக்காவின் கையிலிருந்து எடுக்கவில்லை. கடைசியில் மிகவும் மரியாதையாக, சிலை நூதனசாலைக்கு வந்துவிட்டது, அதன் பாகமும் சிலையோடுதான் சேர வேண்டும், இப்படிப் பழைய பொருளை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சரியில்லை என்றாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான். எங்களுக்குச் சாமியும் இன்னும் வரம் கொடுக்கவில்லை, அதற்குள் பூசாரி வந்துவிட்டாள்.

"கோயில் கொமிட்டி தந்தது சிலையை. பாலனைத் தரவில்லை" என்றேன். "அவர் இவளுடைய பொறுப்பில் இருக்கிறார்."

"சரி. பொருந்துகிறதா என்று ஒரு தடவை மட்டும் வைத்துப் பார்ப்போமே. ஒரு நிமிசம்."

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"கையில வச்சுப் பாக்கட்டுமாம். பொருந்துதா எண்டு."

அக்கா ஒரு அடி பின்னால் போனாள். "ஐயோ, இல்ல. வச்சாக் குடுத்ததுதான். பிறகு எந்த வாயால எடுக்கிறது? தங்கச்சி, இல்லையெண்டு சொல்லு. நீ இல்லையெண்டு சொல்லு."

நான் இல்லை என்றேன். ஒன்றுக்கு நான்கு தரம் சொன்னேன். பொலிஸைக் கூப்பிடுங்கள், கோட்டில் வழக்காடுவோம் என்றெல்லாம் சொன்னேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: எனக்குள் இருந்த ஒருத்தி, அந்த அதிகாரி பலாத்காரமாகவாவது பறித்து அதை அங்கே வைத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு மரக்கட்டைக்கு எண்ணெய் தடவுவதை இனி ஒரு சனிக்கிழமையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வெளியில் நின்றவள் சண்டை பிடித்தாள், உள்ளே இருந்தவள் தோற்றுப்போ, தோற்றுப்போ என்றாள்.

அதிகாரி தன் பெரியவருக்குப் போன் பண்ணப் போனாள். போகும்போது, "அவர் பதில் சொல்லும்வரை இவர்களை வெளியில் விட வேண்டாம்" என்று காவல்காரியிடம் சொன்னாள். காவல்காரி அறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே அதன் குறுக்கே நின்றாள்.

அந்தக் கதவு சாத்தியதும்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் உயரத்தில், கம்பி போட்டது. அக்கா தரையில் இருந்துவிட்டாள். பாலனை மடியில் கிடத்தி, துவாயால் திரும்பச் சுற்றினாள். துவாய் நழுவி நழுவி விழுந்தது. அதிகாரி பக்கத்து அறையில் கதைக்கிற சத்தம் கேட்டது. "ஓவ் சேர், ஓவ் சேர்" என்று ஆமாம் போடுவது மட்டும் விளங்கியது.

"எடுத்துப் போடுவாங்களா?" என்றாள் அக்கா.

"நான் இருக்கைக்குள்ள எப்பிடி எடுப்பாங்க?" என்றேன். அந்தப் பேச்சில் எனக்கே நம்பிக்கை இல்லை.

காவல்காரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இறங்கியிருந்தது. கதவோரம் வைத்திருந்த தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை எடுத்து அக்காவிடம் நீட்டினாள். அக்கா வாங்கவில்லை, நான் வாங்கிக் குடித்தேன்.

"மகனுக்கு என்ன வயசு?"

"போகைக்குள்ள இருவத்திரண்டு" என்றாள் அக்கா. "இப்ப..." அத்தோடு நிறுத்திவிட்டாள்.

காவல்காரி என்னிடமிருந்து போத்தலை வாங்கி மூடினாள். பிறகு அந்தோனியாரைக் கண்ணால் காட்டி, "ஒவ்வொரு நாளும் காலத்தால வந்ததும் நான்தான் இவங்களுக்குத் தூசி தட்டுற" என்றாள். "மத்ததெல்லாம் தட்டிட்டுப் போயிருவன். உங்கட இந்த ஆள்ட கைக்கு வந்தா மட்டும் எனக்கு ஒரு மாதிரி ஈக்கும். பாருங்க, ஆரோ இப்பத் தூக்கிட்டுப் போன புள்ளைய, இந்தாங்கண்டு திருப்பித் தருவாங்கண்டு நீட்டிட்டு நிக்கிற மாதிரி. நம்மட சமயத்துல சிலைக்கு ஒண்டும் இல்லதான். எண்டாலும் எனக்கு அப்பிடித்தான் தோணும்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடமும் அவள் சண்டை பிடித்தது அந்த முகத்தோடு. கையை அவள் இப்படி உற்றுப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. பாலன் இருந்த இடத்தில் மட்டும் சாயம் மங்காமல், பச்சைப் பிள்ளையின் உடம்பு அளவுக்கு ஒரு தெளிந்த அடையாளம் இருந்தது. விரல்கள் கொஞ்சம் மேலே வளைந்திருந்தன, பாரம் வரும் என்று நினைத்து வைத்த மாதிரி.

எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. பக்கத்து அறையில் போன் கதை முடிந்து, செருப்புச் சத்தம் வரத் தொடங்கியது. அக்கா தரையில் கை ஊன்றி எழும்பினாள். துவாயை அவிழ்த்து என் தோளில் போட்டாள். சிவப்புக் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். காவல்காரி தடுக்கவில்லை. நான் "அக்கா" என்றேன். எதற்காகக் கூப்பிட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லவா, சரி என்று சொல்லவா?

பாலனின் நெற்றியில் முத்தமிட்டாள். முளையைத் துளைக்குள் வைத்து, குழந்தையை இடுப்பில் இருத்துகிற மாதிரி லேசாக ஒரு சுற்றுச் சுற்றி இருத்தினாள். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கையை எடுத்தாள். அவர் விழவில்லை.

"எங்கட வழக்கம் இதில்ல" என்று அந்தோனியாரிடம் சொன்னாள். "நீர் தந்த பிறகுதான் நாங்க தாறது. ஆனா நான் முதல்ல தந்திட்டன். இனி உம்மட முற."

கதவைத் திறந்துகொண்டு வந்த அதிகாரி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினாள். போனை எடுத்துப் படம் பிடித்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கிட்டப் போய், தள்ளி நின்று. அக்காவுக்கு ஆயிரம் தரம் நன்றி சொன்னாள். புதுப் பலகை எழுதுவோம், அதில் அம்மாவின் பேரைப் போடலாமா என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

"என்ட பேர் என்னத்துக்கு?" என்றாள் அக்கா.

அவள் பாலனை இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பாள், அழுவாள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. அழவும் இல்லை. சித்திரக்கூடத்தையும் சாடிகளையும் தாண்டி, முன்னைவிட வேகமாக நடந்தாள். வாசலில் காவல்காரி எங்கள் பைகளை எடுத்துத் தந்தாள். அக்காவின் கையை ஒரு முறை பிடித்து விட்டாள்.

வெளியில் நல்ல வெயில். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தோம். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பயமும் போய், அந்தப் பாலனும் போய், இனி ஒரு வழியாக அழுது முடித்து அக்கா எங்களோடு வந்து சேருவாள் என்று சந்தோசப்பட்டுக்கொண்டு நடந்தேன். அவளை என்னோடு முந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கொஞ்ச நாள் வைத்திருக்கலாம், கடையில் பொத்தான் தைக்கவாவது உதவியாக இருக்கும் என்று யோசித்தேன். காலையிலிருந்து இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிடவில்லை. மூலையில் ஒரு ஹோட்டல் இருந்தது.

"வாக்கா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம். பாணும் சம்பலும் இருக்கும்."

அவள் நின்றாள். ஹோட்டலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"தங்கச்சி, அவர்ட பிள்ளைய நான் பிடிச்சு வச்சிருந்ததாலதான் கோவிச்சுக்கொண்டு அவன அனுப்பாம இருந்தாரோ?"

வாய்க்கு வாய் பதில் சொல்லியே பேர் எடுத்தவள் நான். இல்லை என்று சொன்னால், பிறகு எதனால் அவன் வரவில்லை என்று கேட்பாள். ஓம் என்று சொன்னால் இத்தனை வருடமும் அவளே மகனைத் தடுத்து வைத்தவள் ஆவாள். நான் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. கற்பிட்டி பஸ் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதை நோக்கி ஓடினாள்.

"தேத்தண்ணி ஒண்டும் வேணாம், கெதியா வா" என்றாள். "வீடு பூட்டிக் கிடக்கு. வந்தா வெளியில நிப்பான்."